புது ஸ்டேஷனுக்கு எழுதிய மொய்

அந்த அக்கா ஒருமுறை நாலு ரூபாய் செலவு செய்து ஒருவரை ஒரே ஒரு வார்த்தை திட்டினார்.

பழங்காநத்தத்தில் அவருக்குப் புண்ணாக்குக் கடை. விருதுநகர் மொத்த வியாபாரி ஒருவர் சரக்கு விலை பேச வந்தவர், பேச்சு முற்றியதும் "போம்மா, புண்ணாக்கு!" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. மறுநாள் காலை அக்கா தபாலாபீசுக்குப் போய் விருதுநகருக்கு ட்ரங்க் கால் பதிவு செய்தார். இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தார். லைன் கிடைத்ததும் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீதான்டா புண்ணாக்கு" என்றார். வைத்துவிட்டார்.

தபால்தலை வாங்கப் போயிருந்த நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தால், அக்கா கவுண்டருக்குப் போனார்.

"மூணு நிமிசத்துக்குத்தான காசு வாங்குனீக? நான் ஒரு நொடிதான் பேசுனேன். மிச்சத்தத் திருப்பிக் குடுங்க."

"அதெல்லாம் திரும்பாதும்மா."

"திரும்பாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா மூணு நிமிசமும் வஞ்சிருப்பேன்ல?"

இதுதான் அந்த அக்கா. பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊரில் யாரும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதும் இல்லை. நேரில் 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'புண்ணாக்கு அக்கா'. அவருடைய வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். மாதத்துக்கு இரண்டு நாள் ஊரில் இருப்பார். அந்த இரண்டு நாளும் கடையில் கடப்பாரையால் புண்ணாக்கு உடைத்துக்கொண்டிருப்பார், தண்டனை போல.

"போட்டது வரணும். வந்தது போகணும். நடுவுல எவனும் குந்தி எந்திரிக்கக் கூடாது" என்பார் அக்கா. உலகத்தைப் பற்றி அவருக்கு இருந்த மொத்த அபிப்பிராயமும் இவ்வளவுதான்.

ஒரு தேர்தலில் வேட்பாளர் ஒருவர் தெருத்தெருவாகக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். அக்கா அப்போது இரண்டு கையிலும் படி நிறையப் பருத்திக்கொட்டை வைத்திருந்ததால் பதிலுக்குக் கும்பிட முடியவில்லை. ஜீப் போய்விட்டது. தேர்தல் முடிந்து, அந்த மனிதர் தோற்று, வீட்டு வாசலில் ஈகூட இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு நாளில் அக்கா அங்கே போய்க் கும்பிட்டார். "என்னம்மா வேணும்?" என்று கேட்டிருக்கிறார் அவர். "ஒண்ணும் வேணாம்ண்ணே. நீங்க போட்ட கும்பிடு எங்கிட்ட நிக்கிது. அதக் குடுக்க வந்தேன்." அந்த மனிதர் அழுதுவிட்டதாகச் சொல்வார்கள். ஓட்டுப் போட்டாரா என்று கேட்டதற்கு அக்கா இல்லை என்று சொன்னபோது இன்னும் கொஞ்சம் அழுததாகவும் சொல்வார்கள்.

எதிர்த்தாற்போல் கடை வைத்திருந்தவர் அவருக்குத் தொழிலில் எதிரி. பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் எப்போதோ ஒரு மழையில் அவர் அக்காவின் மூட்டைகள் மேல் தன் தார்ப்பாயை எறிந்திருக்கிறார். ஏழெட்டு வருஷம் கழித்து அவர் கடை தீப்பிடித்தபோது, மறுநாள் விடியலில் அவர் வாசலில் பத்து மூட்டைக் கடலைப் புண்ணாக்கு அடுக்கியிருந்தது. அதற்கப்புறமும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்டவரிடம் போய் நான் ஒரு பொய் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்தும், ஒரு பல்செட்டும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் வந்து சேர்ந்த பிறகும், அதை நினைத்தால் காது சூடாகிறது. எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சூடாகும். அப்புறம் கால் வாசலைத் தேடும். மூளை வேலை செய்ய ஆரம்பிக்கும்போது நான் அந்த இடத்தில் இருக்கமாட்டேன்.

எழுபதுகளின் பின்பாதி. மதுரைக்குப் பெரிதாக ஒரு புது ரயில்வே ஸ்டேஷன் வரப்போகிறது என்று பேச்சு. ஊரின் தென்பக்கம், பழங்காநத்தத்தைத் தாண்டித் திருப்பரங்குன்றம் போகும் வழியில் இடம் பார்த்திருந்தார்கள். நிலத்துக்கும் முன்மண்டபத்துக்கும் ஆகிற பணத்தை ஊரே திரட்டி இரண்டு வருஷத்துக்குள் கட்டிவிட்டால், மீதியை ரயில்வே மேலிடம் பார்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடு. பணம் திரட்ட ஐந்து பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் நூல் மில் முதலாளி. ஜவுளிக்கடை மாடியில் ஆபீஸ். எழுத, கூட்ட, பெருக்க, டீ வாங்க ஒரே ஆள்: நான். சம்பளம் இருநூற்று எழுபத்தைந்து.

ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "ரயிலு கவருமெண்டு விடுறது. டிக்கெட்டுக்கும் காசு குடுத்து, ஸ்டேஷனுக்கும் நான் குடுக்கணுமாப்பா?" என்று கேட்டார்கள். ரசீதுப் புத்தகத்தை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். கொட்டாம்பட்டி வரைக்கும் போய் ஒரு விவசாயச் சம்சாரியிடம் அரை மணி நேரம் பேசினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு செம்பு மோர் கொடுத்து அனுப்பினார். மூன்று மாதத்தில் வசூலான தொகை என் சம்பளத்துக்கும் ஆபீஸ் வாடகைக்கும் சரியாக இருந்தது.

குழுக் கூட்டத்தில் தலைவர் மேஜையைத் தட்டினார். "இந்த ஊரு ஜனங்க கையில காசே இல்லையா?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் வேடிக்கை பேசாவிட்டால் தலை வெடித்துவிடுமே. "இருக்குய்யா. நன்கொடைன்னா குடுக்கமாட்டாக. ஸ்டேஷனுக்குக் காதுகுத்துன்னு பத்திரிகை அடிச்சு மொய் விருந்து வைங்க, வட்டிக்கு வாங்கியாவது கொண்டாந்து எழுதுவாக" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஐந்து பேரும் என்னையே பார்த்தார்கள். என் வாழ்க்கையில் நான் சொன்ன வேடிக்கைகளில் தீர்மானமாக நிறைவேறியது அது ஒன்றுதான்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்று ஒரு விசேஷத்தில் நீங்கள் மொய் எழுதினால் அது தானம் இல்லை. உங்கள் வீட்டு விசேஷத்தில் அவர்கள் அதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பி எழுத வேண்டும். அந்த முறைக்குச் செய்முறை என்று பெயர். திருப்பாதவன் வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். இது தெரிந்த தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "பத்திரிகையில மொய்னு போடு. நோட்டுல நன்கொடைன்னு எழுது."

மஞ்சள் தாளில் பத்திரிகை அடித்தேன். 'நிகழும் மங்களகரமான வருடத்தில் மதுரை மாநகருக்குப் புதிய ரயில் நிலையம் பிறக்கவிருப்பதை முன்னிட்டு' என்று ஆரம்பித்து, 'சுற்றமும் நட்பும் வந்திருந்து' என்று முடித்தேன். பழங்காநத்தம் மண்டபத்தில் பந்தல், மைக் செட், ஆட்டுக்கறிக் குழம்பு. நான் மஞ்சள் தடவிய நோட்டோடு மேஜையில் உட்கார்ந்தேன். நானூறு பேர் வந்தார்கள். பெரும்பாலும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய். கறிச்சோற்றுக்கு அது நியாயமான விலை. கொடுத்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அக்கா மட்டும் கேட்டார். பட்டுச் சேலை கட்டி, பந்திக்குப் போகாமல், நேரே என் மேஜைக்கு வந்தார்.

"ஏ தம்பி, இது மொய்யா, நன்கொடையா?"

பின்னால் தலைவர் நின்றுகொண்டிருந்தார். எனக்குக் காது சூடானது.

"மொய்தான்க்கா."

"திரும்புமா?"

"திரும்பும்க்கா."

"எங்க, நோட்டக் காட்டு." பார்த்தார். "நன்கொடைன்னுல்ல போட்டிருக்க? என் வரியில மொய்னு எழுது."

எழுதினேன். அதை எழுத்துக்கூட்டி வாசித்த பிறகுதான் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஐநூற்று ஒன்று. அதுவரை மேஜையில் சேர்ந்திருந்த நோட்டுகளைவிட அவர் வைத்த கத்தை தடிமனாக இருந்தது. மைக்கில் சொன்னபோது பந்தியில் கை பிசைவது நின்றது.

"எதுக்குக்கா இம்புட்டு?" என்று கேட்டேன், உண்மையாகவே பதறிப்போய்.

"கூட்சு ஷெட்டு ஊருக்கு அந்தப் பக்கம் கெடக்கு. மூட்டைக்கு மூட்டை வண்டிக்கூலி அழுகிறேன். இங்கன ஸ்டேஷன் வந்தா எனக்குல்ல லாபம்? அதுக்குத்தான். அடுத்த வருசம் எம் பொண்ணுக்குக் கல்யாணம். அதுக்கு ஒங்க ஸ்டேஷன் திருப்பிச் செய்யட்டும். அதுக்கும் சேத்துத்தான்."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஆட்டுக்கறி, நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பணம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கேளுங்கள், எனக்கும் வயிறு எரிகிறது. நாலு மாதத்தில் அடிக்கல் நாட்டு விழா நடந்தது. தோரண வாயில் ஏழு, மாலை நூற்றுச் சொச்சம், வந்தவர்களுக்கெல்லாம் சந்தன மாலையும் வெள்ளிக் குங்குமச்சிமிழும். அப்புறம் ஸ்டேஷன் ஃபைலை நகர்த்துவதற்கென்று தலைவர் குடும்பத்தோடு மெட்ராஸ் போனார், மூன்று தடவை. ஒரு தடவை ஃபைலை நகர்த்தக் கொடைக்கானலுக்கும் போனார். எல்லாவற்றையும் 'பயணச் செலவு' என்று எழுதியது இந்தக் கைதான். கடைசியில் கட்டவேண்டிய ஊர்ப் பங்கில் காலணா மிஞ்சவில்லை. ஆனால் அடிக்கல் நட்ட மறுவாரமே அதைச் சுற்றியிருந்த தரிசில் வெள்ளைக் கற்கள் முளைத்தன. தலைவருடைய மச்சினர் முன்பே வாங்கிப் போட்டிருந்த நிலம். 'ஸ்டேஷன் நகர்' என்று பலகை வைத்து மனை மனையாக விற்றார். ஸ்டேஷனுக்கு எதிரே வீடு என்று பென்ஷன் பணத்தைக் கொட்டி வாங்கினார்கள் வாத்தியார்களும் குமாஸ்தாக்களும். மனை விற்றுத் தீர்ந்தது. அதன் பிறகு தலைவர் மெட்ராசுக்குப் போகவே இல்லை.

ஒரு நாள் காலை, மாடிப்படியில் வெள்ளிக்கொலுசுச் சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். தலைவர் தன் அறையில் இருந்தார். நான் என்ன செய்தேன் என்பதை மரியாதையாகச் சொல்ல வழி இல்லை: பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அக்கா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் கல்யாணப் பத்திரிகையும் வைத்துத் தலைவர் முன்னால் நீட்டினார்.

"அண்ணே, பொண்ணுக்குக் கல்யாணம். ஸ்டேஷன் வீட்டுல எல்லாரும் வந்துரணும்."

"அண்ணே" என்பதையே தலைவரால் விழுங்க முடியவில்லை. "ரொம்ப சந்தோஷம்மா. வச்சிட்டுப் போ."

"வச்சிட்டுப் போறதுக்கு வரலண்ணே. நான் ஐநூத்தி ஒண்ணு எழுதியிருக்கேன். ஞாபகப்படுத்திட்டுப் போகலாம்னு."

"அது நன்கொடைம்மா. ஸ்டேஷன் கட்டி முடிச்சதும் சலவைக்கல்லுல ஒம் பேரு வரும்."

"கல்லுல பேரு வந்தா எம் பொண்ணு கல்யாணத்துல பந்தி நடக்குமா? நோட்ட எடுங்கண்ணே."

தலைவர் என்னைக் கூப்பிட்டார். பீரோ பதில் சொல்லவில்லை. அவரே எழுந்து நோட்டை எடுத்துப் புரட்டினார். நானூறு வரிகளில் ஒரே ஒரு வரியில் 'மொய்' என்று இருந்தது.

"எந்தப் பய இத எழுதுனது?" என்றார். அந்த ஆபீசில் எழுதுகிற பயல் ஒரே ஒருவன்தான். நான் பீரோவோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

"எவன் எழுதுனா என்னண்ணே? ஒங்க பந்தல்ல, ஒங்க நோட்டுல எழுதுனது. ஸ்டேஷன் எழுதுச்சுன்னு வைங்க" என்றார் அக்கா. "கல்யாணத்தன்னைக்கு மைக்கு வைக்கிறேன். செஞ்சவுக பேரு வாசிப்போம். செய்யாதவுக பேரும் வாசிப்போம்."

"மெரட்டுறியா?"

"பத்திரிகை வைக்கிறேன்."

தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு திரும்பியவர் பீரோ அருகே ஒரு கணம் நின்றார். கீழே பார்த்தார். "பரவால்லண்ணே. பீரோவுக்கெல்லாம் செருப்பு வாங்கிக் குடுத்திருக்கீக" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தலைவருக்குப் புரியவில்லை. எனக்கு அன்று முழுவதும் அந்தச் செருப்பைப் போடப் பிடிக்கவில்லை.

"ஒரு பைசா குடுக்கக் கூடாது" என்று தலைவர் உத்தரவு போட்டார். "ஒருத்திக்குக் குடுத்தா நானூறு பேரும் தாம்பாளத்தத் தூக்கிட்டு வருவான். மொய்னு எழுதுன ஆளு நீ. நீயே பாத்துக்க."

பார்த்துக்கொண்டேன். வேறு வழி? மைக்கில் ஸ்டேஷன் பேர் வந்தால் அடுத்து என் பேர் வரும். எங்கள் வீட்டில் அப்போதுதான் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொய் திருப்பாத ஆபீஸில் குமாஸ்தா என்று தெரிந்தால் பெண்ணைக் காட்டுவார்களா, வாசலைக் காட்டுவார்களா? இந்தப் பயம் பாதி. அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது மீதி. கட்டிக்கொண்டிருந்த ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன். செய்முறை என்றால் கூடுதலாகத்தான் வைக்க வேண்டும். ஐநூற்று ஐம்பத்தொன்று. என் இரண்டு மாதச் சம்பளமும் ஒரு ரூபாயும்.

கல்யாணத்தில் மொய் எழுதுகிறவர், "பேரு?" என்று கேட்டார். என் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். உத்தரவை மீறிக் கொடுத்தது நான்தான் என்று தலைவர் காதுக்குப் போனால்? "புது ஸ்டேஷன், மதுரை" என்று சொல்லிவிட்டேன்.

மைக் அலறியது: "மதுரைப் புது ஸ்டேஷன் வகை, ஐநூத்தி அம்பத்தொண்ணு!" மேளக்காரர்கள் உருட்டினார்கள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கையைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் உட்கார வைத்தார்.

"ஏ, இங்க பாயாசம் கொண்டா! ஸ்டேஷன் வீட்டு ஆளுக சாப்புடுறாக" என்று பந்திக்குக் குரல் கொடுத்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா என் பக்கம் சாய்ந்து, "ஸ்டேஷன் வீடுன்னா எந்த ஊருப் பக்கம் மாப்ள?" என்று மரியாதையாகக் கேட்டார்.

கை கழுவும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றார். "அம்பது ரூவா கூடப் போட்டிருக்கு ஒங்க ஸ்டேஷன். இப்ப நான்தான் செய்யணும். தொறப்பு விழா என்னைக்குன்னு சொல்லிவிடு. நான் மொத ஆளா வாரேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கணக்கு முடியவில்லை. திரும்பியிருக்கிறது.

மறுவருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. அக்காவுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைத்தேன். வெற்றிலையை ஐநூற்று ஐம்பத்தொன்று ஞாபகம் வரும்படியாக அழுத்தித்தான் வைத்தேன். வந்தார். நன்றாகச் சாப்பிட்டார். மைக்கில் அறிவித்தார்கள்: "பழங்காநத்தம் புண்ணாக்குக் கடை, பதினொரு ரூபாய்!"

மாலையும் கழுத்துமாக மணவறையில் இருந்து எழுந்து போகவா முடியும்? ஆசீர்வதிக்க வந்தவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்: "என்னக்கா, பதினொண்ணு?"

"புது மொய்யி. நீ எனக்கு இதுவரைக்கும் எதுவும் செஞ்சதில்லையே தம்பி. ஸ்டேஷன்ல செஞ்சாக, அது வேற கணக்கு. நீ என்ன ஸ்டேஷனா?"

பக்கத்தில் இருந்த என் புது மனைவி, "எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டாள். போலீஸ் ஸ்டேஷன் என்று நினைத்துக்கொண்டாள் பாவம். அதைத் தெளிவுபடுத்த ஒரு வாரம் ஆனது.

இரண்டு வருஷக் கெடு முடிந்தது. ஊர்ப் பங்கு கட்டப்படவில்லை. புது ஸ்டேஷன் யோசனை கைவிடப்பட்டதாக ரயில்வேயிலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. அதைக் குழுவில் வாசித்து, 'ஆழ்ந்த வருத்தத்தோடு' கலைந்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். ஐந்து பேரும் வந்திருந்தார்கள். ஆழ்ந்த வருத்தத்தோடு சாப்பிட முந்திரிக்கொத்து வாங்கி வைத்திருந்தேன். முந்திரிக்கொத்துக்கு எங்கிருந்து பணம் என்று கேட்காதீர்கள்.

கொலுசுச் சத்தம் கேட்டது. பீரோவைப் பார்த்தேன், அதற்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் நாற்காலி போட்டிருந்தார். தப்ப வழியில்லை.

அக்கா சாயம்போன பழைய சேலையில், தலையில் முந்தானையை இழுத்துப் போட்டு, வாசற்படியிலேயே தரையில் உட்கார்ந்தார். இறந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவதை எங்கள் பக்கம் கேதம் கேட்பது என்போம். அப்படித்தான் உட்கார்ந்தார்.

"ஸ்டேஷன் தவறிப்போச்சாமுல்ல. ஒரு வார்த்தை சொல்லிவிடலையேண்ணே? கேள்விப்பட்டுத்தான் ஓடியாறேன்."

தலைவர் கையிலிருந்த முந்திரிக்கொத்து வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

அக்கா மடியிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "செத்தவுகளுக்குக் கோடி போடணும்ல. ஆம்பளைன்னா வேட்டி, பொம்பளைன்னா சேலை. ஸ்டேஷன் என்னன்னு தெரியல. அதான் பொதுவாத் துண்டா வாங்கியாந்தேன்." அப்புறம் ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். "எம் பொண்ணு கல்யாணத்துக்கு ஸ்டேஷன் வீட்டுல ஐநூத்தி அம்பத்தொண்ணு செஞ்சாக. அறுநூத்தி ஒண்ணாத் திருப்பியிருக்கேன். நல்லதுக்குச் செய்யக் குடுத்து வைக்கல, கெட்டதுக்காவது செஞ்சிட்டுப் போறேன்."

ஐநூற்று ஐம்பத்தொன்றா என்று மற்ற நாலு பேரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் என்னைப் பார்க்கவில்லை, பொட்டலத்தைப் பார்த்தார். ஒரு நொடிகூட யோசிக்காமல் கையை நீட்டினார், அந்த மனிதர். "குடும்மா. குழுத் தலைவர்ங்கிற முறையில நான் வாங்கிக்கிறேன்."

அக்கா பொட்டலத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பொறுங்கண்ணே. எப்படிச் செத்துச்சு?"

"என்னம்மா கேள்வி இது? சூழ்நிலை சரியில்ல..."

"நோயா? நொடியா? பொறக்கவே இல்லையே, அதுக்குள்ள என்ன நோவு வந்துச்சு? ஸ்டேஷன் நகருல மனை வித்த காசுல நெஞ்சடைச்சுச் செத்துச்சா?" குரல் உயரவேயில்லை. "நாங்க தேடித் தேடிக் குடுத்த காசு. அஞ்சும் பத்துமா நானூறு வீட்டுக் காசு. பச்சப் புள்ளையத் தொட்டில்லயே அமுக்குன மாதிரி அமுக்கிப்புட்டு, முந்திரிக்கொத்துத் திங்கிறீக. கொன்னவுக கையில செய்முறை குடுக்கிற வழக்கம் எங்க பக்கம் இல்லண்ணே. வாரிசு இருந்தா வரச் சொல்லுங்க."

எழுந்தார். துண்டை மட்டும் விட்டுவிட்டுப் பொட்டலத்தோடு படியிறங்கினார். கேதத்துக்குப் போனால் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் இல்லை. அவரும் சொல்லவில்லை.

தலைவர் துண்டை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு, "அந்தம்மாவுக்கு ஐநூத்தி அம்பத்தொண்ணு குடுத்தது யாரு?" என்று கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். சத்தியமாகத் தூக்கினேன். ஐந்து பேரும் திரும்பினார்கள். காது சூடானது. கால் வாசலைத் தேடியது.

"என்னய்யா?"

"ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்யா" என்றேன்.

அக்கா கீழே ஜவுளிக்கடை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, கல்யாணத்துல வச்ச காசு அவுகளது இல்லக்கா. என் காசு. சீட்டெடுத்துப் போட்டது."

"தெரியும்."

"தெரியுமா?"

"அந்த ஆளு குடுப்பாருன்னு நான் நம்புவனா? அன்னைக்கு ஒம் மூஞ்சியில எழுதியிருந்துச்சே."

"அப்ப அந்தப் பொட்டலத்த எங்கிட்டக் குடுத்துருங்கக்கா."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"எப்படித் தம்பி குடுக்க? நோட்டுல ஒம் பேரு இல்லையே. பேரச் சொல்லப் பயந்துக்கிட்டு ஸ்டேஷன் பேர்ல எழுதுன. இப்பக் காசுக்கு மட்டும் பேரத் தூக்கிட்டு வாரியா?"

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"ஒண்ணு செய்யி. அஞ்சு பேரும் மேலதான் இருக்காக. என்னென்ன செலவு, யாரு யாரு தின்னாகன்னு ஒவ்வொண்ணா எழுதுன ஆளு நீ. அத அவுக மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டு வா. அந்த ஸ்டேஷனுக்காக வாயத் தொறந்த ஒருத்தன் நீதான்னு, நீதான் வாரிசுன்னு சொல்லி, அறுநூத்தி ஒண்ணையும் ஒங் கையில குடுத்துட்டுப் போறேன். போ. நான் இங்கனயே நிக்கிறேன்."

"இந்தா வாரேன்க்கா."

படியேறினேன். வேகமாகத்தான் ஏறினேன். மேலே கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரோ சிரித்தார்கள். முந்திரிக்கொத்துத் தட்டு நகரும் சத்தம் கேட்டது. கதவில் கை வைத்தேன்.

அந்த மாடிக்குப் பின்பக்கம் ஓர் இரும்பு ஏணிப்படி உண்டு. சந்தில் போய் இறங்கும். என் சைக்கிள் அங்கேதான் நின்றது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அக்கா முன்வாசலில் எவ்வளவு நேரம் நின்றார் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.